முதல் இடம் விலைக்குக் கிடைக்குமா?

"தம்பி, ஐம்பதாயிரம் ரூபாய் தருகிறேன். கூகுளில் என் கடையை முதல் இடத்துக்குக் கொண்டுவந்துவிடு."

ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் இப்படிச் சொல்கிறார். எதிரே ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன பதில் சொல்ல வேண்டும்?

"ஆகட்டும் ஐயா" என்றால் பணம் கைக்கு வரும். "அப்படி யாராலும் உறுதி சொல்ல முடியாது" என்றால் முதலாளி வேறு ஆளைத் தேடிப் போவார். அந்த வேறு ஆள் "ஆகட்டும்" என்று சொல்லிவிடுவார்!

இந்தத் தர்மசங்கடம் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. இதில் பணத்தை விடுகிறவர்கள் கோடீசுவரர்கள் அல்ல. பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர், கல்யாண மண்டபம் நடத்துகிறவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர், வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கும் அம்மாள், இப்படிப்பட்டவர்கள்தான். கடன் வாங்கிக் கொடுத்த பணமாகக்கூட அது இருக்கும்.

இளைஞர் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதையும் முன்பணத்தைத் தொடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

அது என்ன வேலை?

ஒருவருக்குப் பல் வலிக்கிறது. போனை எடுத்து, "பக்கத்தில் பல் டாக்டர்" என்று கூகுளில் தேடுகிறார். உடனே ஒரு பட்டியல் வருகிறது. முதலில் கண்ணில் பட்ட இரண்டு மூன்றைப் பார்க்கிறார். அதில் ஒருவரிடம் போகிறார்.

அந்தப் பட்டியலில் பின்னால் கிடக்கும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் என்ன? வலியோடு இருப்பவர் அவ்வளவு தூரம் தேட மாட்டார்.

ஆகவே, தேடுகிறவர் கண்ணில் படும்படி இணையப் பக்கத்தைச் சரிசெய்து கொடுக்க ஒரு தொழில் ஏற்பட்டிருக்கிறது. இதைச் சுருக்கமாக "எஸ்.இ.ஓ." என்கிறார்கள்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கடையில் என்ன கிடைக்கும் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். விலாசம், போன் நம்பர், கடை திறக்கும் நேரம் ஆகியவை சரியாக இருக்க வேண்டும். சாதாரணப் போனிலும் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும். வாடிக்கைக்காரர் கேட்கக்கூடிய கேள்விக்கு அதில் பதில் இருக்க வேண்டும். பெரும்பகுதி வேலை இதுதான். பொறுமையும் உழைப்பும் உள்ளவர் செய்யலாம்.

முதலாளி முட்டாளா?

இந்தத் தொழிலில் இருக்கும் சிலருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் போனபிறகு, அவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "காசு கொடுத்தால் கூகுளில் முதல் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறார் பார்!" என்பார்கள்.

சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. அந்த முதலாளி முப்பது வருடம் வியாபாரம் பார்த்தவர். கடைத்தெருவில் மூலைக்கடை வேண்டுமானால் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டும். பத்திரிகையில் முதல் பக்கத்தில் விளம்பரம் வரவேண்டுமானால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். பொருட்காட்சியில் வாசலை ஒட்டிய ஸ்டால் வேண்டுமானால், அதற்கும் தனி ரேட். அவர் பார்த்த உலகத்தில் நல்ல இடம் எல்லாமே விலைக்குத்தான் கிடைத்தது. கூகுளில் மட்டும் கிடைக்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருடைய நினைப்பு தவறு. ஆனால் அது அனுபவத்தில் பிறந்த தவறு. எந்த அனுபவத்தில் பிறந்தது என்று பார்த்து, அங்கிருந்தே பேச்சை ஆரம்பித்தால் அவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

"ஐயா, பத்திரிகையில் விளம்பரமும் இருக்கிறது, செய்தியும் இருக்கிறது. விளம்பரத்துக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள். செய்திக்குப் பணம் கட்டுவது உண்டா?" என்று கேட்டால் போதும்.

கூகுளிலும் அப்படித்தான். பட்டியலின் மேலே சில வரிகள் விளம்பரம். "ஸ்பான்சர்டு" என்ற அடையாளம் அதன்மேல் இருக்கும். பெரும்பாலும் அதை ஒருவர் தொட்டால், தொட்ட கணக்குக்குக் காசு. பணம் கட்டுவதை நிறுத்தினால் விளம்பரமும் நின்றுவிடும்.

மற்ற வரிகள் விற்பனைக்கு அல்ல. முதல் இடத்துக்கு யாராலும் உறுதி கொடுக்க முடியாது என்று கூகுள் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. எத்தனை லட்சத்துக்கு விளம்பரம் கொடுத்தாலும், அதனால் மற்றப் பட்டியலில் ஒரு படிகூட ஏறாது. ஊர்ப் படத்தோடு வரும் கடைப் பட்டியலும் அப்படியே. தேடியதற்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெயர் பெற்றது என்பவைதான் அங்கே கணக்கு.

சாட்சி

இந்தப் பட்டியல் எப்படி உண்டாகிறது? அதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த இருவர் லாரி பேஜ், செர்ஜி பிரின். 1998-ம் ஆண்டு கூகுள் கம்பெனியைத் தொடங்கியவர்கள் இவர்களே. அவர்களுடைய யோசனை சுலபமானது. ஓர் இணையப் பக்கம் தன்னைப்பற்றித் தானே பெருமை பேசினால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மற்றப் பக்கங்கள் அதைச் சுட்டிக்காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சுட்டிக்காட்டும் பக்கம் மதிப்புள்ளதாக இருந்தால், அந்தச் சாட்சிக்குக் கூடுதல் மதிப்பு.

பெண் பார்க்கப் போகும்போது பெற்றவர்கள் சொல்வதை மட்டுமா கேட்கிறார்கள்? அக்கம்பக்கத்திலும் விசாரிக்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான்.

இன்று கூகுள் இன்னும் எத்தனையோ விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆனாலும் சாட்சிக்கு மதிப்பு போகவில்லை. மதிப்பு இருந்தால் பொய்ச் சாட்சியும் வரும்! "உங்கள் கடைக்கு ஆயிரம் இணைப்பு வாங்கித் தருகிறேன்" என்று விற்கிறவர்கள் கிளம்பினார்கள்.

இதனால் அமெரிக்காவில் ஒரு பெரிய கடை பட்ட பாடு எல்லோரும் அறிய வேண்டியது. ஜே.சி.பென்னி என்பது அந்தக் கடையின் பெயர். நாடெங்கும் கிளைகள் உள்ளது. துணி, மெத்தை விரிப்பு, பெட்டி என்று எதைத் தேடினாலும் பல மாதம் அதுவே முன்னால் வந்துகொண்டிருந்தது. 2011 பிப்ரவரி மாதம் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை ரகசியத்தை உடைத்தது. துணிக்கும் மெத்தைக்கும் சம்பந்தமே இல்லாத ஏராளமான பக்கங்களிலிருந்து அந்தக் கடைக்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தன!

கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு வகைப் பெட்டியைத் தேடினால் மாலை ஏழு மணிக்கு அந்தக் கடை முதல் இடத்தில் இருந்தது. ஒன்பது மணிக்கு 71-வது இடம்!

"எங்களுக்கு இது தெரியாது, நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை" என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். ஆலோசனை கம்பெனியை நீக்கினார்கள். தெரியாது என்று சொன்னதால் தண்டனை குறைந்ததா? இல்லை. தந்திரம் யாருடையதாக இருந்தாலும், கீழே போனது கடையின் பெயர்தான்.

அவ்வளவு பெரிய கடை எழுந்துவிடும். நம் ஊர் ஊறுகாய் அம்மாள் என்ன செய்வார்? "போட்டிக்கடைக்காரன் செய்கிறான், நீயும் செய்" என்று முதலாளிகள் வற்புறுத்தும்போது இளைஞர் இந்தக் கதையைச் சொல்லலாம்.

பழைய மருந்து

இன்னொரு தப்பு அபிப்பிராயம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் முன்னுக்கு வரலாம் என்பது.

"பட்டுச் சேலை, பட்டுச் சேலை, பட்டுச் சேலை" என்று பக்கம் முழுவதும் எழுதச் சொல்கிறார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்துபோல, மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதுகிற தந்திரமும் ஒரு காலத்தில் இருந்தது.

ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியின் இணையப் பக்கமே இப்படி மாட்டிக்கொண்டது. "பழைய கார்" என்ற சொல்லை அடுக்கடுக்காக எழுதிய பக்கங்களைத் தேடும் எந்திரத்துக்குக் காட்டினார்கள். மனிதர் வந்தால் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 2006 பிப்ரவரியில் கூகுள் அந்தத் தளத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பக்கங்களைச் சரிசெய்த பிறகு மீண்டும் சேர்த்துக்கொண்டது.

பக்கத்துக்குப் பின்னால் மறைவாக எழுதும் சொற்பட்டியல் ஒன்று உண்டு. அதைப் பார்த்து இடம் தருவதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. இன்றும், "கீவேர்டு எல்லாம் போட்டாயா?" என்று கேட்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். "போட்டேன் ஐயா" என்று அதற்குத் தனியாகப் பில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எந்தப் போனில்?

எல்லாவற்றிலும் வேடிக்கையானது "முதல் இடம்" என்ற பேச்சுத்தான்.

யாருடைய போனில் முதல் இடம்? தாம்பரத்தில் இருப்பவர் "துணிக்கடை" என்று தேடினால் தாம்பரத்துக் கடைகள் வரும். திருச்சியில் இருப்பவர் அதே சொல்லைத் தேடினால் திருச்சிக் கடைகள் வரும். தேடுகிறவரின் மொழி, இடம் இவற்றுக்குத் தக்கபடி பட்டியல் மாறும். எல்லோருக்கும் ஒரே முதல் இடம் என்று ஒன்று இல்லவே இல்லை.

இது தெரியாத முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு தன் போனில் தன் கடையின் பெயரையே தேடிப் பார்க்கிறார். கடை மேலே வருகிறது. சந்தோஷம் தாங்கவில்லை! அந்தப் பெயரில் வேறு கடை இல்லாதபோது அது வராமல் வேறு எது வரும்? ஏமாற்றுக்காரர் இதைத்தான் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார்.

கடையின் பெயரைத் தேடுகிறவருக்குக் கடையை முன்பே தெரியும். புது வாடிக்கைக்காரருக்குப் பெயர் தெரியாது. அவர் "முகூர்த்தப் பட்டு" என்று தேடுவார். "பள்ளிக்கூட யூனிபார்ம்" என்று தேடுவார். தமிழ் எழுத்தில் அடிப்பார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். அடிக்கத் தெரியாத பாட்டி வாயாலேயே கேட்பார். தமிழில் பேசித் தேடும் வசதியை 2017 ஆகஸ்டில் கூகுள் கொடுத்தது.

முதலாளியோ, "நவநாகரிக ஆடைகளின் சங்கமம் என்று தேடினால் என் கடை வர வேண்டும்" என்கிறார். அப்படி யார் தேடுவார்கள்? கடைப்பையில் அச்சடிக்க அது நன்றாக இருக்கும்.

இங்கே இளைஞர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நாள் கடையில் போய் உட்கார வேண்டும். வாசலில் வருகிறவர்கள் எதை எப்படிக் கேட்கிறார்கள் என்று காதால் கேட்க வேண்டும். பில் போடும் பெண்ணையும், சேலை எடுத்துப் போடும் பையனையும் விசாரிக்க வேண்டும். ஜனங்கள் தேடும் சொற்கள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாளியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவருடைய ஆசைச் சொல்லை அங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கே புரிந்துவிடும்.

தீபாவளிக்குள் முடியுமா?

புரட்டாசியில் ஆளைக் கூப்பிட்டு, "தீபாவளிக்குள் கூட்டம் வர வேண்டும்" என்கிறவர்கள் பலர்.

இந்த வேலை பலன் தர, பெரும்பாலும் நாலு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று 2017-ல் கூகுளே சொல்லியிருக்கிறது. புதுப் பக்கத்தைக் கூகுள் படிக்க வேண்டும், மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும், ஜனங்களும் அதை அறிய வேண்டும். நாற்று நட்ட மறுவாரம் அரிவாளை எடுத்துக்கொண்டு யாரும் வயலுக்குப் போவதில்லை.

நேர்மையான பதில் இதுதான்: "இந்தத் தீபாவளிக்கு விளம்பரம் கொடுங்கள். அடுத்த தீபாவளிக்கு வேண்டிய வேலையை இப்போதே ஆரம்பிப்போம்." இதைக் கேட்டுக் கோபப்படும் முதலாளிகள் குறைவு. மூன்று மாதம் கழித்து, "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லும்போதுதான் கோபம் வரும்.

கூட்டம் வந்துவிட்டால் மட்டும் கல்லா நிறைந்துவிடாது. பக்கத்தில் இருக்கும் போன் நம்பர் பழையதாக இருந்தால்? கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லாவிட்டால்? ஆகவே எத்தனையாவது இடம் என்று எண்ணுவதைவிட, எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டு வந்தார்கள் என்று எண்ணச் சொல்ல வேண்டும்.

ஊசி போடுங்க டாக்டர்

குற்றம் யாருடையது என்று கேட்டால், பெரும்பகுதி தொழில் தெரிந்தவருடையதே. தெரியாதவர் தப்பாகக் கேட்கலாம். தெரிந்தவர் தப்பாகப் பதில் சொல்லலாமா?

சாதாரணச் சளிக்கு வந்தவர், "ஊசி போடுங்க டாக்டர், அப்போதுதான் கேட்கும்" என்கிறார். நல்ல டாக்டர் இரண்டு நிமிடம் செலவழித்து, "இதற்கு ஊசி வேண்டாம்" என்று விளக்குவார். இன்னொருவர் சத்து ஊசியைப் போட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொள்வார். நோயாளி இரண்டாமவரைத்தான் புகழ்வார்! அதற்காக இரண்டாமவர் செய்தது சரியாகிவிடுமா?

விளக்குகிறோம் என்று சொல்லி, ஆங்கிலச் சொற்களாக அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாளி வெட்கப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார். தலை ஆடினால் புரிந்துவிட்டது என்று பொருள் அல்ல. ஒரு தாளில், தமிழில், என்ன செய்யப்போகிறோம், எதற்கு உறுதி இல்லை, எத்தனை மாதம் ஆகும் என்று எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். முதலாளி அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். படித்த மகளிடம் காட்டுவார். இரண்டு பேர் படித்தபிறகு வரும் சம்மதம்தான் சம்மதம்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்க வேண்டும். இணையதளத்தின் பெயரும், கூகுள் கணக்கும், சாவிச் சொல்லும் முதலாளியின் பெயரிலேயே இருக்கும் என்பது. சிலர் எல்லாவற்றையும் தங்கள் பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். சண்டை வந்தால் கடைக்காரர் தன் கடைக்குள் தானே போக முடியாது! இது பிழைப்பல்ல, பிணை பிடிப்பது.

"உண்மையைச் சொன்னால் பிழைக்க முடியுமா?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சில வாடிக்கை கைவிட்டுப் போகத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொய்யான உறுதியால் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. ஒருமுறை ஏமாந்த முதலாளி, "இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் திருடர்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறார். அவருக்கு உண்மையில் உதவி தேவைப்படும்போது, நாணயமாக வந்து நிற்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுகிறார். ஒருவர் வாங்கிய கடனை முகம் தெரியாத இன்னொருவர் அடைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு புதுப் பேச்சும் கிளம்பியிருக்கிறது. தேடினால் பட்டியலுக்கு மேலே எந்திரமே பதிலைச் சுருக்கி எழுதிக் காட்டும் ஏற்பாட்டைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. உடனே, "அந்தப் பதிலில் உங்கள் கடையின் பெயரை வரவழைக்கிறேன்" என்று புறப்பட்டுவிட்டார்கள்! அதற்கென்று தனி வித்தை எதுவும் தேவையில்லை என்பது கூகுள் தந்திருக்கும் விளக்கம். வழக்கமான நல்ல வேலைதான் அங்கேயும் உதவும்.

முன்பே ஏமாந்தவர்கள் என்ன செய்யலாம்? முதலில் கணக்குகளையும் சாவிச் சொற்களையும் தங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு, "சர்ச் கன்சோல்" என்று கூகுள் இலவசமாகக் கொடுக்கும் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். கூகுள் ஊழியர்கள் பார்த்துத் தண்டனை விதித்திருந்தால், அதுபற்றிய அறிவிப்பு அதில் இருக்கும். பொய்ச் சாட்சிகளை நீக்கிவிட்டு, மறுபரிசீலனை செய்யும்படி அங்கேயே விண்ணப்பம் போடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பதில் வரச் சில நாளோ, சில வாரமோ ஆகும்.